கதவைக் கழற்றிய மேலாளர்

மேலாளர்களில் பல ரகம் உண்டு. கத்துகிறவர், கத்தாமல் முறைக்கிறவர், முறைக்காமலே ஆளைத் தேய வைக்கிறவர் என்று எத்தனையோ பேர். அவர்களையெல்லாம் எப்படியாவது சமாளித்துவிடலாம். "என்கிட்ட யாரும் எதையும் தைரியமா சொல்லலாம்" என்கிற ரகம் ஒன்று இருக்கிறதே, அதனிடம்தான் உஷாராக இருக்க வேண்டும். அந்த ரகத்தில் கலப்படமில்லாத ஒருவரைக் காட்டுகிறேன், பாருங்கள்.

அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றுக்கு மேலாளர் அவர். தன் அறைக் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவர், அதுவும் போதாதென்று ஒருநாள் தச்சரை வரவழைத்துக் கதவையே கழற்றிவிட்டார். அன்று முதல் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் கதவார். கம்பெனியில் அது தெரியாத ஒரே ஆள் அவர்தான். கதவு போனதால் என்ன ஆயிற்று? உள்ளே போய் யார் வாயைத் திறந்தாலும் கூடம் முழுக்கக் கேட்டது. ஆகவே பேச வேண்டியதையெல்லாம் மாடிப்படிக்கு அடியில் நின்று பேசிக்கொண்டார்கள். தன் அறைப் பக்கம் ஒருவரும் வராததைப் பார்த்துக் கதவாருக்கு உச்சி குளிர்ந்தது. எவ்வளவு குறையில்லாத குடும்பம் என்று நினைத்துக்கொண்டார்.

குறை இல்லாமலா? அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் குறை சொன்னாலும் முகம் மலர எழுந்து, கையைப் பிடித்துக் குலுக்கி, அந்தக் குறைக்கே அவரைத் தலைவராக்கிவிடுவார். குடிதண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்ற கணக்காளர் தண்ணீர்க் குழுவின் தலைவரானார். குழாய் ஒழுகுவது நிற்கவில்லை, அடியில் வாளி வைப்பதும் நிரம்பியதும் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டுவதும் தலைவரின் பொறுப்பு. கூட்டங்கள் அதிகம் என்று வாய் தவறிச் சொன்ன வடிவமைப்பாளர் அம்மாள், கூட்டங்களைக் குறைக்கும் குழுவுக்குத் தலைவியாகி வாரம் தவறாமல் கூட்டம் நடத்தி வந்தார். கழிப்பறையைப் பற்றிச் சொன்னவர் மறுவாரமே வேறு வேலை தேடிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த நிலையில்தான் கேக் பெட்டி வேலை வந்தது. பெரிய கேக் கடைக்காரர் ஒருவர் தன் கிளைகளுக்கெல்லாம் பெட்டி கேட்டிருந்தார். அந்த வேலை நிலைத்தால்தான் இரண்டாவது ஷிப்ட் ஓடும். கைவிட்டுப் போனால் அந்த ஷிப்டில் இருக்கும் அத்தனை பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். மாதிரிப் பெட்டியைக் கையில் வாங்கிய கதவார், தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கொஞ்சம் உயரமா தெரியுதே. ஒரு விரல் அளவு குறைச்சுடுங்க, அம்சமா இருக்கும்."

உள்ளே கேக் என்று ஒன்று இருக்கப்போவது அப்போது அவர் நினைவில் இல்லை. மற்ற எல்லாருக்கும் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் இயந்திரப் பிரிவு மேற்பார்வையாளரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கதவாரின் சொந்த மைத்துனர், மனைவியின் தம்பி.

"மூடி நேரா கேக் மேலதான் உட்காரும். நீங்க போய் சொல்லுங்க, உங்க மாமாதானே" என்றார் கணக்காளர்.

"சொன்னா கேக் குழுன்னு ஒண்ணு ஆரம்பிச்சு என் தலையில கட்டுவாரு. ஏற்கெனவே மெஷின் சத்தக் குழு நான்தான். நீங்க உங்க வாளியப் பாருங்க."

வாராந்திரக் கூட்டத்தில் கதவார் இரண்டு கைகளையும் விரித்தார். "நாம எல்லாம் ஒரே குடும்பம். மனசுல இருக்கிறத தயங்காம சொல்லுங்க. பெட்டி எப்படி?"

"அம்சமா இருக்கு சார்" என்று கூடமே சொன்னது.

பெட்டிகள் போயின. சில நாளில் கேக் கடைக்காரரே நேரில் வந்து, ஒரு பெட்டியை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்து காட்டினார். கிரீம் முழுவதும் மூடியின் உட்புறம் அப்பிக்கொண்டிருந்தது. கீழே கேக் மொட்டையாக இருந்தது.

"உங்க பெட்டி தின்னது போக மிச்சம்தான் எங்க வாடிக்கையாளருக்கு. அடுத்த வாரத்துக்குள்ள சரியான பெட்டி வரணும். இல்லேன்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவார் மைத்துனரைக் கூப்பிட்டார். "இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் சார்."

"அப்புறம் ஏன் யாரும் சொல்லல? கதவையே கழட்டி வெச்சிருக்கேனே."

மைத்துனர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு 'சார்' போய்விட்டது. "மாமா, வீட்டுல உங்க காபியப் பத்தி இதுவரைக்கும் யாராவது ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

விடுமுறை நாட்களில் குடும்பத்துக்கே காபி போடுவது கதவாரின் கைங்கரியம். எல்லாரும் அருமை என்பார்கள். ஒருவரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. அதை அவர் அன்றுதான் யோசித்துப் பார்த்தார். வீட்டுக்குப் போனதும் நேரே மனைவியிடம் போய் நின்றார்.

"என் காபி எப்படி இருக்கும்? உண்மையச் சொல்லு."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னா என்ன பண்ணுவீங்க?"

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது: 'அப்படின்னா இனிமே நீயே போடு.' வெளியே வருவதற்குள் அது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. கணக்காளரின் வாளி கண்முன் வந்து நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் தன்னை நினைத்து வெட்கமாக இருந்தது.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். கேட்டுக்கறேன்."

"கசாயம்" என்றாள் மனைவி. "கல்யாணம் ஆன நாளா."

மறுநாள் ஊழியர்களைக் கூட்டி, பெட்டியைக் குறைத்தது தன் தப்பு என்று ஒரே வாக்கியத்தில் சொன்னார். குழாயைச் சரி செய்ய ஆளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, நிரம்பியிருந்த வாளியைத் தானே தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டினார். சட்டை நனைந்தது; யாரும் சிரிக்கவில்லை, அதாவது அவர் திரும்பும்வரை. சரியான உயரத்தில் பெட்டிகள் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தன, இரண்டாவது ஷிப்டும் தப்பியது. கழற்றிய கதவை மறுபடி மாட்டியாயிற்று. இப்போது ஆட்கள் உள்ளே போகிறார்கள், கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, போன கையோடு தங்கள் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

நல்ல கம்பெனி எது என்று இனிமேல் யாராவது கேட்டால், கதவைப் பார்க்காதீர்கள்; குறை சொன்னவன் என்ன ஆனான் என்று பாருங்கள். நமக்கென்ன, நாம் மேலாளரா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். உங்களிடம் ஒருவர் கடைசியாக "இது சரியில்லை" என்று சொன்னது எப்போது? நினைவே வரவில்லை என்றால் வீட்டில் உங்கள் காபியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நினைவு வருகிறதா, அப்படியானால் இன்னும் நல்லது. அவர் இப்போது யாருடைய வாளியைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்?