தாளின் சிரிக்கும் பக்கம்

சஞ்சிகையில் பெண் படம் வந்தால் ஆண்கள் பெண்ணைப் பார்ப்பார்கள், பெண்கள் பிளவுஸைப் பார்ப்பார்கள் என்பது என் மனைவி சுகந்தியின் கட்சி. நான் கடுமையாக மறுத்துவந்தேன். (ஆண்குலத்தின் மானத்தைக் காப்பாற்ற வீட்டில் வேறு ஆளில்லை.) அந்த மானத்தை நானே கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏற்றிக்கொண்டுபோய்த் தொலைத்தேன்.

சுகந்தியின் தங்கைக்குக் கல்யாணம். மணமகளின் அக்காவுடைய பிளவுஸ் என்றால் மண்டபம் முழுக்கப் பார்க்கும். சஞ்சிகையொன்றிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, துணியோடு என்னிடம் தந்தாள். அவளுக்கு ஒபிசில் லீவு கிடைக்கவில்லை.

"இதில இருக்கிறமாதிரி அப்பிடியே தைக்கச் சொல்லுங்கோ. தாளையும் ஸ்டெல்லா அக்காட்டக் குடுங்கோ. போனில படம் அனுப்பினா மனுசி ஏசும்."

"இதென்னப்பா பெரிய வேலை?" என்றேன்.

வெள்ளவத்தையில் பஸ் ஏறி, சீட் பிடித்ததும் தாளை எடுத்தேன். ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் குழி. நெற்றியில் ஒரு சுருள் முடி. கொள்ளுப்பிட்டி நெரிசலில் பஸ் ஊர்ந்தது. எனக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. புறக்கோட்டை வருவதற்குள், அவள் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன்.

கொட்டாஞ்சேனையில் தையல்கார ஸ்டெல்லா அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"இதுவா தம்பி? கல்யாணத்துக்கா?"

"ஓம் அக்கா. ஒரு நூல் மாறக்கூடாது."

"கழுத்துவரைக்கும் கொலர். கையும் உப்பலா இருக்கு. சுகந்தி இதையா கேட்டிச்சு?"

"அவவே கிழிச்சுத் தந்தவ."

"முதுகுப்பக்கம் எப்படி?"

"முன்பக்கம் மாதிரித்தான்," என்றேன், தையலில் பட்டம் பெற்றவனைப்போல.

கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் பிளவுஸையும் தாளையும் வாங்கி வந்தேன். பார்சலைப் பிரித்த சுகந்தி கொலரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். தாளை மெதுவாகத் திருப்பிக் காட்டினாள். மறுபக்கத்தில் ஒரு முதுகு. முகமே இல்லை. அகலமாக இறக்கி வெட்டிய கழுத்து, குறுக்கே நாடா, நுனியில் குஞ்சம்.

"இந்தப் பக்கத்தை நீங்கள் பாக்கவே இல்லையா?"

"பாத்தனான். முகம் இல்லாதபடியா விளம்பரமெண்டு நினைச்சன்."

கல்யாணத்துக்காக வந்து நின்ற மாமியும் கல்யாணப் பெண்ணும் தாளைப் பிடுங்கி, சிரிக்கும் பக்கத்தைத் திருப்பினார்கள்.

"அத்தான், இவளின்ர இடுப்பைக் கொம்பியூட்டரில குறைச்சிருக்கு. அவசரத்தில முழங்கையையும் சேத்துக் குறைச்சிட்டாங்கள்," என்றாள் கல்யாணப் பெண்.

"கொலர் ஒரு பக்கம் ஏறி நிக்குது," என்றார் மாமி.

கன்னக்குழியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சுகந்தி மட்டும் அமைதியாகக் கேட்டாள்: "இவ கையில என்ன வச்சிருக்கிறா?"

கையா? அவளுக்குக் கை இருந்ததே எனக்கு நினைவில்லை. குனிந்து பார்த்தேன். டொய்லட் கழுவும் திரவப் போத்தல்.

வேறு பிளவுஸ் தைக்க நேரமில்லை. கல்யாணத்துக்கு எடுத்த சேலைக்குப் பொருந்த அலுமாரியிலும் ஒன்றும் அகப்படவில்லை. மறுநாள் ஹோட்டல் மண்டப வாசலில் சுகந்தி கழுத்துவரை கொலரோடும் உப்பிய கையோடும் பன்னீர்ச் செம்பு பிடித்து நின்றாள். பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் அவளிடம் வந்தார்.

"பிள்ளை, நீர் ஹோட்டல் ஆள்தானே? டொய்லட் எந்தப் பக்கம்?"

சுகந்தி முகம் மாறாமல் என்னைக் காட்டினாள். "இவரைக் கேளுங்கோ அன்ரி. அந்தப் பகுதி முழுக்க இவருக்குத் தெரிஞ்ச ஆக்கள்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தத் திரவத்தை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்டால் குசினியிலிருந்து குரல் வரும்:

"உங்கட ஆள் முடிஞ்சு போனா. வரேக்க கூட்டிக்கொண்டு வாங்கோ!"