பழனியாண்டிக் கங்காணி லைசன் எடுத்த கதை

"இன்னையோட சோம்பேறித்தனம் சரி. நாளையில இருந்து நான் புது மனுசன்."

பழனியாண்டிக் கங்காணி இதை அறிவித்தபோது கட்டிலில் படுத்திருந்தார். எழுந்து அறிவிக்கலாம்தான். ஆனால் அதுவும் நாளைக்குரிய வேலை.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த சுகந்தினி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ புது மனுசர்களை அவளுக்குத் தெரியும். விடியக்காலை ஓடப் போகிற மனுசன், இங்கிலீஷ் படிக்கப் போகிற மனுசன், லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மிளகுக்கொடி நடப் போகிற மனுசன். எல்லாரும் நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள். ஒருத்தரும் இன்னும் வந்து சேரவில்லை.

"இந்தத் தடவ என்னங்க?"

"லைசன். த்ரீவீல் லைசன்."

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. விஷயம் அவ்வளவு பெரியது.

சுகந்தினியின் தம்பி கிருஷ்ணராஜ் கட்டாருக்கு வேலைக்குப் போகும்போது தன்னுடைய த்ரீவீலை இவர்கள் வாசலில் விட்டுவிட்டுப் போயிருந்தான். ஹயருக்கு, அதாவது வாடகைச் சவாரிக்கு, ஓட்ட ஆளில்லாமல் அது தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டது. முன் சீட்டில் பழனியாண்டி ஞாயிறு மத்தியானங்களில் தூங்கினார். நேற்றுத்தான் தம்பி போனில் கண்டிப்பாகச் சொன்னான்.

"மச்சான், தீபாவளிக்கு லீவுல வர்றேன். அதுக்குள்ள லைசன் எடுத்துட்டீங்கன்னா வண்டி உங்க வீட்டுக்கே. இல்லாட்டி கீழ குருவிட்ட பஜார்ல இருக்குற ஆஸிக்குக்கிட்ட குடுத்துருவேன். சும்மா கெடந்து துருப்புடிக்குது."

இதில் ஒரு சிக்கல். வண்டி தன்னுடையது என்று பழனியாண்டி ஏற்கனவே தேயிலைத் தோட்டம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பஜாரில் சிங்களத்திலும் சொல்லியாகிவிட்டது. முன் கண்ணாடியில் ஒட்ட 'பழனியாண்டி' என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கர் வெட்டிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார். ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கி வைத்திருந்தார். இனி ஆஸிக் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு மலையேறி வந்தால், காலைப் பெரட்டுக் களத்தில் எந்த முகத்தோடு நின்று ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குருவிட்ட பஜாரில் பாறூக் மாஸ்டரின் லேர்னர்ஸ் வகுப்பு. கூடவே மழையும் வந்தது.

"ஏங்க, கிளாசுக்கு நேரமாச்சு."

"மழை பெய்யுதே."

"கொடை இருக்கு."

"ஒத்தக் கொடைதானே இருக்கு."

"நீங்களும் ஒத்த ஆளுதானே."

பழனியாண்டி போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு யோசித்தார். வேலையிலிருந்து தப்பிக்க யோசிப்பதில் அவரை மிஞ்ச அந்த டிவிஷனில் ஆள் கிடையாது. அந்த யோசனையை வேலையிலேயே காட்டியிருந்தால் இந்நேரம் தோட்டத்துக்கே தொரையாகியிருப்பார். போர்வை விலகியது. முகத்தில் ஞான ஒளி.

"சுகந்தினி, நீ போயிட்டு வா."

"நானா?"

"எனக்குப் பதிலா. மாஸ்டர் சொல்றதெல்லாம் காதுல வாங்கிட்டு வந்து எனக்குச் சொல்லு."

கங்காணியின் கணக்கில் இதில் தப்பே இல்லை. கொழுந்து மலையில் அவர் காலமெல்லாம் பார்த்தது அதுதான். ஒருத்திக்கு உடம்பு முடியவில்லையென்றால் தங்கச்சி வந்து கூடையை நிரப்புவாள், நாத்தனார் கைகொடுப்பாள். யார் கிள்ளினாலும் கொழுந்து கொழுந்துதானே. அன்றைய பேர், அதாவது நாள் கூலி, யாருக்கு விழ வேண்டுமோ அவளுக்கு விழும். படிப்பும் அப்படித்தான், கூடை நிறைந்தால் சரி என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

"சரிங்க," என்றாள் சுகந்தினி.

இந்த இடத்தில் அவர் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஒரு கட்டு கீரை வாங்கச் சொன்னாலே ஒரு மணிநேரம் வாதாடுகிறவள், ஒரே சொல்லில் சரி என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். பழனியாண்டியோ மறுபக்கம் புரண்டு படுத்தார்.

சாயங்காலம் அவள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"ரோட்டுச் சின்னம் எல்லாம் சொல்லிக் குடுத்தாருங்க. சொல்லவா?"

"இன்னைக்குத் தலை வலிக்குது. ஒன்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்."

அடுத்த வாரம்.

"மெடிக்கல் எடுக்கணுமாம். கண்ணு பாப்பாங்களாம்."

"நீயே காட்டிட்டு வா. ஒரே டீவியப் பாக்குற கண்ணுதானே நம்ம ரெண்டு பேருக்கும்."

"எழுத்துப் பரீட்ச இருக்குதாம்."

இங்கே பழனியாண்டி சற்றுத் தயங்கினார். அவருக்கும் அந்த அளவுக்கு விவரம் உண்டு. "அத எப்புடி நீ எழுதுவ?"

"மொதல்ல நான் போயி கேள்வி எப்புடின்னு பாத்துட்டு வர்றேங்க. நீங்க பொறவு போங்க. மலையில ஆளெறக்க முந்தி, குளவிக்கூடு இருக்கான்னு பாக்க ஒரு ஆள அனுப்புவீங்கதானே."

கங்காணி அசந்துபோனார். தன் கீழ் வேலை பார்க்கும் எவனுக்கும் இவ்வளவு விவரம் கிடையாது. "ஹரி ஹரி," என்று சிங்களத்தில் சம்மதித்தார். "போயிட்டு வா. கொட்டுனா ஒன்னையக் கொட்டட்டும்."

குளவி கொட்டவில்லை. சுகந்தினி பாஸ். அப்புறம் வண்டி ஓட்டப் பழகுவதற்கும் முன்னால் போய்ப் பார்க்கிற ஆள் அவள்தான்.

ஒருநாள் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு மெட்டில்டா அக்கா மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

"கங்காணி, ஒங்க வீட்டுக்காரி எல் போர்ட் போட்டு பஜாருக்குள்ள மாஸ்டரோட த்ரீவீல ஓட்டிக்கிட்டுப் போறா."

"தெரியும் அக்கா. எனக்காகத்தான்."

"அப்ப நீங்க என்ன செய்றீங்க?"

"நான் படிச்சிக்கிட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டுக் கங்காணி கொட்டாவி விட்டார்.

மெட்டில்டா அக்கா அவரைப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள். கர்த்தரை நினைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தீபாவளி நெருங்கியது. பழனியாண்டி விரல்விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தார். சுகந்தினியிடம் சேர்த்து வைத்த படிப்பையெல்லாம் ஒரே மூச்சில் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்தார். நாளைக்கு. அதற்குள் கிருஷ்ணராஜ் போனில் வந்துவிட்டான்.

"மச்சான், லைசன் எடுத்தாச்சா?"

பழனியாண்டி போனைச் சுகந்தினி பக்கம் நீட்டினார். அவள் வாங்கினாள்.

"எடுத்தாச்சுடா தம்பி. கார்டும் கைக்கு வந்துருச்சு."

கங்காணியின் கண் கலங்கிவிட்டது. புருஷன் மானத்துக்காகக் கூடப்பிறந்த தம்பியிடமே பொய் சொல்கிறாளே. இப்படி ஒரு பெண்சாதியைப் பெற என்ன புண்ணியம் செய்தேனோ என்று உருகினார். அந்த உருக்கத்தில், கல்யாணமாகி முதல்முறையாக, தன் கையால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து அவளிடம் நீட்டினார்.

"ஒன்னைய நான் மறக்கவே மாட்டேன் சுகந்தினி."

"சீனி போடலைங்க," என்றாள் அவள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு கிருஷ்ணராஜ் வந்து இறங்கினான். தார்ப்பாய் விலகியது. கோழிகள் வெளியேற்றப்பட்டன. வண்டியைக் கழுவி மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். லயமே கூடிவிட்டது. பழனியாண்டி புதுச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹாரனை ஒரு தடவை அமுக்கினார். அந்த ஒரு நிமிஷம் அவருடைய வாழ்க்கையில் பொன்னான நிமிஷம்.

"மச்சான், லைசனக் காட்டுங்க. போட்டோ எடுத்துக்கிறேன்," என்றான் தம்பி.

பழனியாண்டி சுகந்தினியைப் பார்த்தார். காப்பாற்றியவள் இன்னொரு பொய்யும் சொல்லிக் காப்பாற்ற மாட்டாளா? அவள் இடுப்பில் செருகியிருந்த பர்சைத் திறந்து ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தாள்.

கிருஷ்ணராஜ் கார்டைப் பார்த்தான். முன் சீட்டைப் பார்த்தான். மறுபடி கார்டைப் பார்த்தான்.

"மச்சான், எறங்குங்க. அக்கா ஏறட்டும்."

"அது எனக்குப் பதிலா எடுத்ததுடா."

"போட்டோவுல மூக்குத்தி இருக்கே மச்சான்."

லயம் சிரித்த சிரிப்பில் கோயில் புறாக்கள் பறந்துவிட்டன. பழனியாண்டி சுகந்தினி பக்கம் திரும்பினார்.

"நீ தம்பிகிட்ட பொய் சொன்னேன்னு நெனச்சேனே."

"நான் எப்பங்க ஒங்ககிட்ட பொய் சொன்னேன்? ஒவ்வொரு வாரமும் வந்து சொல்லவா சொல்லவான்னு கேட்டேன். நீங்கதான் வேணாம்னீங்க."

பழனியாண்டி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். இறங்கிப் பின் சீட்டில், கோழி முட்டையிட்ட இடத்தில் உட்கார்ந்தார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி கிளம்பியது.

தோட்டத்துக் கல்ரோட்டில் அவள் வளைவுகளை வளைத்த அழகைப் பார்த்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. காலமெல்லாம் முதுகில் கூடையோடு இந்த ரோட்டில் நடந்தவள், முதுகை நேராக நிமிர்த்தி உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டு போகிறாள். அந்த முதுகு இத்தனை நிமிர்ந்து அவர் பார்த்ததே இல்லை. கொஞ்ச தூரம் போனதும் பழைய பழனியாண்டி திரும்பிவிட்டார்.

"உண்மையச் சொன்னா, இது பூரா என்னோட திட்டம்தான் சுகந்தினி. ஒன்னைய முன்னுக்குக் கொண்டுவரணும்னுதான் நான் வேணுமின்னே படுத்துக் கெடந்தேன். ஒரு ஆம்பள விட்டுக் குடுக்குறது லேசான காரியமா?"

"இல்லைங்க."

"அந்த மழையில நானே எந்திரிச்சுப் போயிருந்தா நீ இன்னைக்கு இங்க உக்காந்திருப்பியா?"

"இல்லைங்க."

"அது தெரிஞ்சா சரி. ஆமா, எங்க போறோம்?"

வண்டி குருவிட்ட பஜாரில் பாறூக் மாஸ்டரின் வாசலில் நின்றது. மாஸ்டர் வெளியே வந்து வாய் நிறையச் சிரித்தார்.

"வாங்க கங்காணி. ஒங்க பேர தங்கச்சி போன மாசமே குடுத்துட்டாங்க. உள்ள வாங்க, தொடங்கப் போகுது."

"இன்னைக்கா?" பழனியாண்டி சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "கோயிலுக்குன்னு உடுத்துன புதுச் சட்ட இது. படிக்கிற மனநெலயே இல்ல. சுகந்தினி, ஒரு மனுசனோட முன்னேத்தங்கிறது உள்ளுக்குள்ள இருந்து வரணும். அவசரப்பட்டா அது நெலைக்காது. நான் என்ன சொல்றேன்னா..."

சுகந்தினி எஞ்சினை நிறுத்தவில்லை. எதிர்ப்பக்கம் சாமான் பையோடு வண்டிக்குக் கைகாட்டிய ஒரு சிங்கள நோனாவுக்கு, வருகிறேன் என்று தலையாட்டிவிட்டு, கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"சுருக்கா எறங்குங்க. ஹயர் நிக்குது."