இட்லிப் பானையில் வெந்த ஆராய்ச்சி

ஒரு தொழிலைப் பற்றிப் பாதி தெரிந்தவனிடம் எதையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லக் கூடாது. ஒன்றும் தெரியாதவன் சும்மா இருப்பான். முழுக்கத் தெரிந்தவன் கேட்டுச் செய்வான். பாதி தெரிந்தவன் இட்லிப் பானையை எடுப்பான். நான் எடுத்தேன்.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பட்டு நூலை எடைபோட்டு வாங்கிய உத்தியோகம் என்னுடையது. ஓய்வு பெற்று, காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டுக்குக் குடிவந்த பிறகு, எடைபோட நூல் இல்லாததால், மாடிப்படி, தெருவில் போகும் டவுன் பஸ், பொங்கலில் வரும் முந்திரி என்று கிடைத்ததை எண்ணிக்கொண்டிருக்கிறேன். (முந்திரியை எண்ணுகிறவனுக்கு முந்திரி எதற்கு என்று என் மனைவி சரோஜா அதைப் போடுவதையே நிறுத்திவிட்டாள்.)

என் தங்கை மகள் நித்யா சென்னையில் ஆராய்ச்சி மாணவி. "பட்டு பத்திப் படிக்குது" என்று தங்கை சொன்னாள். நானும் தெரு முழுக்க அப்படியே சொன்னேன். காஞ்சிபுரத்துப் பெண் பட்டைப் பற்றிப் படிக்கிறாள் என்றால் மேற்கொண்டு யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? போன வருடம் அவளுக்கு ஜப்பானில் இரண்டு ஆண்டுப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் நம் அரசாங்கச் செலவு. ஒரே ஒரு நிபந்தனை: புறப்படும் முன் சொந்த ஊர் மக்களுக்குத் தன் ஆராய்ச்சியைச் செய்துகாட்ட வேண்டும். பார்வையிட ஒரு பேராசிரியை வருவார். அவருக்குத் திருப்தி என்றால் பயணம். இல்லாவிட்டால் காத்திருப்பவருக்கு அந்த இடம் போய்விடும்.

"ஜப்பானுக்கு அனுப்புறவங்க பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரங்களுக்கு இன்னாத்துக்குக் காட்டச் சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க வரிப்பணம் தானே மாமா? அது எங்க போவுதுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து அந்த நிகழ்ச்சிக்கு நானே பொறுப்பு என்று நினைக்க ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை ஒரு கூடையோடு வந்தாள். உள்ளே பட்டுக்கூடுகள். "ஐயம்பேட்டையில எங்க வீட்ல பெயிண்ட் அடிச்சிக்கினு இருக்காங்க மாமா. நான் விசா வேலையா சென்னை போறேன், சனிக்கிழமை வந்துடுவேன். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், பத்திரமா பாத்துக்குங்க, போதும்."

"பட்டை எப்படிப் பாத்துக்கறதுன்னு எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

அவள் போனதும் எண்ணினேன். நாற்பது. இத்தனை வருடம் நூலோடு வாழ்ந்தவன், கூட்டைக் கையில் எடுத்தது அன்றுதான். (எங்கள் சங்கத்துக்கு நூலாகத்தான் வரும்.) காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே ஏதோ உருண்டது. இதில் நூலின் முனை எங்கே? புழு இதற்குள் எப்படித் திரும்பிப் படுத்திருக்கும்? இரண்டு நாள் இதே யோசனை. பழக்க தோஷத்தில் தரமும் பிரித்தேன். கறை பட்டவை, மெலிந்தவை, உருவம் கெட்ட ஒரு பெரியது என்று ஆறை ஒதுக்கிச் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் போட்டேன்.

சனிக்கிழமை காலை, நல்ல கூடுகளில் ஒன்றின் நுனி ஈரமாகியிருந்தது. பூச்சி வெளியே வந்தால் கூடு ஓட்டையாகும், இழை அறுந்துபோகும், பட்டு பாழ். அதற்காகத்தான் முன்கூட்டியே கூடுகளை ஆவியில் வைப்பார்கள் என்று நூல் வியாபாரிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நித்யாவுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தாள். ஈரக் கூட்டை ஏழாவதாக அட்டைப்பெட்டியில் எறிந்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன்.

"இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?" என்றாள் சரோஜா.

"பட்டைக் காப்பாத்திக்கினு இருக்கேன்."

"ஐயோ, அது இட்லிப் பானை!"

"அரசாங்க வேலைமா, தள்ளு."

முப்பத்து மூன்று கூடு, மூன்று தட்டு, தட்டுக்குப் பதினொன்று. கணக்கு இவ்வளவு அழகாக அமைந்ததே நல்ல சகுனம் என்று நினைத்தேன். வாசனை வந்ததும் சரோஜா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாலையில் வந்த நித்யாவிடம் கூடையைப் பெருமையோடு நீட்டினேன். "ஒரு இழை கெடல. ஆவி காட்டி, மாடியில உலர்த்தி வச்சிருக்கேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மாமா, எனக்கு வேண்டியது பூச்சி. அதோட மோப்ப சக்தியைத்தான் நான் படிக்கறேன்."

"அப்ப பட்டு?"

"காஞ்சிபுரத்துல பட்டை யாரு மாமா கேட்டது?"

நாளைக் காலை பேராசிரியை வருகிறார். இனி, கூடு வாங்கிய கிருஷ்ணகிரிப் பண்ணைக்குப் போய்வர நேரமில்லை. ஜப்பான் போக வேண்டிய பெண்ணை என் வீட்டு அடுப்பிலேயே நிறுத்திவிட்டேன். அப்போது சரோஜா வாசலிலிருந்து, "நீங்க குப்பையில போடச் சொன்ன செருப்பு டப்பாவை நான் இன்னும் போடல" என்றாள்.

ஞாயிறு விடிந்ததும் நித்யா அட்டைப்பெட்டியைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்று, மாவில் புரட்டி எடுத்தது போலப் பூச்சிகள். எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். எட்டு. "ஏழு கூடுதானே வச்சேன்?"

"அந்தப் பெருசு ரெட்டைக் கூடு மாமா. ரெண்டு புழு சேர்ந்து கட்டினது." வயிறு பருத்தவை ஐந்தும் பெண், மெலிந்தவை மூன்றும் ஆண் என்று பிரித்தாள். என் தரம் பிரிப்பில் தோற்றவை அத்தனையும் பிழைத்திருந்தன.

பிள்ளையார்பாளையத்துக் கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. மேசையின் ஒரு கோடியில் மூன்று ஆண் பூச்சிகள், சிலைபோல. மறுகோடியில் ஒரு பெண் பூச்சியை நித்யா வைத்தாள். சற்று நேரத்தில் மூன்றும் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, வளைந்து வளைந்து அதை நோக்கி நடந்தன. முன்வரிசையில் இருந்த ஒரு நெசவாளர் எழுந்தே நின்றுவிட்டார். "இதுதானா அது? பொறந்ததுலேர்ந்து பட்டு நெய்யறேன், இத்தப் பாத்ததே இல்லபா!"

பேராசிரியை கேட்டார்: "நாப்பது கூடு வாங்கினதா சொன்னீங்களேம்மா, மீதி எங்க?"

நித்யா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்தேன். "இட்லிப் பானையில, மேடம்."

மண்டபமே அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் நித்யா வெந்த கூடு ஒன்றைக் கத்தரித்து உள்ளே இருந்ததைக் காட்டினாள். "நாம இதுவரைக்கும் பூச்சியைப் பார்க்காததுக்குக் காரணம் இதுதான். எங்க மாமா செஞ்சதைத்தான் பட்டுக்காக எல்லாரும் செய்யறாங்க." பேராசிரியை அதன் பிறகுதான் குறிப்பே எடுக்க ஆரம்பித்தார். அன்றே சம்மதமும் சொல்லிவிட்டார்.

நான் மட்டும் வீட்டுக்கு வந்து, சங்கத்தில் எடைபோட்ட நூலுக்கெல்லாம் எத்தனை கூடு ஆகும் என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கணக்கைப் பாதியில் விட்டேன்.

அந்தப் பானையில் இப்போது மாடியில் கற்றாழை வளர்கிறது. விருந்துக்கு இத்தனை பேர் என்று நான் எண்ணிச் சொன்னால், சரோஜா ஓர் இலை கூடுதலாகப் போடுகிறாள். "ரெட்டைக் கூடு யாராச்சும் இருப்பாங்க" என்கிறாள். இருக்கவும் செய்கிறார்கள்.

போன மாதம் நித்யா வீடியோ அழைப்பில் தன் ஜப்பானியப் பேராசிரியரை அறிமுகப்படுத்தினாள். நான் கைகூப்பி வணக்கம் சொல்வதற்குள் அவர் குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆக, அரசாங்கச் செலவில் ஜப்பான் போனவர் கணக்கிலும் ஒன்று கூடுதல்: நித்யாவோடு என் இட்லிப் பானையும் போயிருக்கிறது.