வலப்பக்கம் போன வில்லை

என் குட்டிச்சுவரே,

இங்கே நான் சுகம். பதிலுக்கு உன் சுகத்தை விசாரிப்பதுதான் முறை. பாதிரியாரிடம் கேட்டேன், அங்கே எல்லோரும் சுகம்தான் என்றார். மகள் டார்சியா உனக்கு முத்தம் சொன்னாள். நாய் ஒன்றும் சொல்லவில்லை, கொல்லைப் பனித்தளத்தின் பக்கம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். உன்னைப் புதைத்த பிறகு இந்தக் குளிருக்குத் தளத்தில் தண்ணீர் விட்டு உறையவைக்க வேண்டாம் என்றிருந்தேன், உன் ஜோடி லார்ன் கேட்டால்தானே. ஐஸ் ஹாக்கிப் பெரிய லீக்கில் பதினான்கு வருஷம் நீ வலப்பக்கம், அவன் இடப்பக்கம் நின்று தடுத்தவர்கள், கட்டிய என்னைவிட அவனோடு நின்றதுதான் அதிகம். ஊருக்கு நீ சுவர், முன்பல்லெல்லாம் கொட்டியபின் எனக்குக் குட்டிச்சுவர். அவனே குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டான், உறைந்ததும் சனிக்கிழமை மத்தியானம் மட்டையோடு வந்து நின்றான், நான் அடுப்பில் முட்டைக்கோஸ் சுருளை வைத்துவிட்டு ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம், பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், ரப்பர் வில்லையை உன் பக்கம் தள்ளினான். அது வேலிப் பலகையில் போய் இடிக்கவில்லை. பாதி வழியில் நின்றது. கொஞ்சம் யோசித்தது. பிறகு அவன் மட்டைக்கே திரும்பி வந்தது. மனுஷனுக்கு முகம் வெளுக்க வேண்டாமா? உள்ளே வந்து நிறையச் சுருளைத் தின்றுவிட்டு, "செத்த பிறகும் லேட்டாத்தான் திருப்பிக் குடுக்கிறான், ஸ்டெஃபா, உன் ஆளு" என்று குறை சொல்கிறான்.

பக்கத்து வீட்டு ஹால்வர் மட்டப்பலகை வைத்துப் பார்த்துவிட்டு, தளம் சாய்ந்திருக்கிறது, வேறொன்றும் இல்லை என்றார். இருக்கலாம். ஆனால் நம் அணி வலைக்குள்ளேயே நீ தவறிப் போட்ட அந்தக் கோலைப் பற்றி லார்ன் பேச்செடுத்த அன்று மட்டும் வில்லை நேராக அவன் முழங்காலுக்கு வந்தது.

டார்சியா போனில், "வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடும்மா, அப்பா அங்க இல்ல" என்றாள். உனக்கு யாரு சொன்னா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு சரி என்றுவிட்டேன். குளியலறைக் கோப்பையில் கிடந்த உன் பல் செட்டையும் மூட்டை கட்டியாயிற்று. தளம் சாய்ந்துதான் இருக்கிறது. இல்லையென்றால், செத்த மனுஷன் வீடு தேடி வருகிறான், வந்தும் பெண்டாட்டியை எட்டிப் பார்க்காமல் லார்னோடு விளையாடிவிட்டுப் போகிறான் என்றல்லவா நான் நம்பவேண்டும்.

ஆகவே நான் போகிறேன். கடவுள் உன்னை நல்ல இடத்தில் உட்காரவைக்கட்டும். ஆட்டத்தில் உன்னை உட்காரவைத்ததெல்லாம் முரட்டாட்டத்துக்காகத் தண்டனைப் பெட்டியில்தான்.

உன்
ஸ்டெஃபா

பி.கு.: இதை உன் ஸ்கேட் பூட்ஸுக்குள் வைக்கக் கொல்லைக்குப் போனேன். சும்மா, லார்ன் நிற்கிற இடத்தில் நின்று, திரும்பிப் பார்க்காமல், வில்லையை உன் பக்கம் தள்ளினேன். திரும்பி வரவில்லை. பலகையில் இடித்த சத்தமும் இல்லை. தளம் முழுக்கத் தேடிவிட்டேன், பனியில் எங்கும் ஓட்டை இல்லை, வில்லையும் இல்லை. டார்சியாவைக் கூப்பிட்டு வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். நீதான் வைத்திருக்கிறாயா, குட்டிச்சுவரே?