சம்பந்தி பெயரில் முதல் ஐந்து எழுத்து

விதிமுறை தெரியாதவன் செய்யும் தவறு உடனே தெரிந்துவிடும். எல்லா விதிமுறையும் தெரிந்தவன் செய்யும் தவறு சபைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

நான் இரண்டாம் வகை. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றதும், டேட்டாபேஸ் வகுப்பு படித்துச் சான்றிதழும் வாங்கினேன் (சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன், இப்போது சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது). மகளின் நிச்சயதார்த்தத்துக்குத் தாம்பூலப் பைகளில் விருந்தினர் பெயரை அச்சிட்டு ஒட்டும் யோசனை என்னுடையதே. கணினியில் "குப்புசாமி, அன்னூர்" என்று பெயரும் ஊரும் ஒரே கட்டத்தில் இருந்தன. பெயரை மட்டும் வெட்டியெடுக்க சப்ஸ்ட்ரிங் என்றொரு கட்டளை உண்டு. எங்கிருந்து, எத்தனை எழுத்து என்று சொன்னால் போதும்.

சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனியில் இதே டேட்டாபேஸ் வேலை பார்க்கும் மகள் சொன்னாள்: "அப்பா, கமா வரைக்கும் எடுக்கச் சொல்லுங்க. எழுத்தெல்லாம் எண்ணாதீங்க."

"கமாவை நம்பிக் காரியம் பண்றதா? நான் இலக்கணம் படிச்சவன் கண்ணு."

கு, ப், பு, சா, மி. ஐந்து. இப்படியே எல்லாப் பெயரையும் விரல் விட்டு எண்ணிக் கொடுத்தேன். வந்த விடையைப் பார்க்கவில்லை. உத்தரவு சரியாக இருந்தால் விளைவைச் சரிபார்ப்பது உத்தரவுக்கே அவமானம் என்பது என் அலுவலகக் கொள்கை.

மாப்பிள்ளையின் தகப்பனார் குப்புசாமி, பையை இரு கையாலும் வாங்கினார். படித்தார். கண்ணாடி போட்டு மறுபடி படித்தார்.

"ஏனுங்க, இது எனக்குங்களா, எச்செலை போடறதுக்குங்களா?"

கொட்டை எழுத்தில் இருந்தது: மதிப்பிற்குரிய குப்ப.

பக்கத்தில் அவர் பங்காளி நாச்சிமுத்து, "மதிப்பிற்குரிய நாச்சி" ஆகி மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

சம்பந்தியின் தங்கை பையைச் சபைக்குத் தூக்கிக் காட்டினார். "பொண்ணு இன்னும் நம்மூட்டுக்கே வரல, அதுக்குள்ள எங்கண்ணனைக் குப்பையாக்கிப்போட்டாங்க! எந்திரிங்கண்ணா, போலாம்."

தட்டு இன்னும் மாற்றவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. மகள் கண் கலங்கிவிட்டாள். வகுப்பில் படித்தது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. விளக்கம் கொடுத்தேன் (வேறென்ன தெரியும் எனக்கு?).

"உங்க பேரு நமக்கு அஞ்செழுத்துங்க, கம்ப்யூட்டருக்குப் பத்துங்க. 'கு'ல க ஒண்ணு, கீழ இருக்கற சுழி ஒண்ணுன்னு எண்ணுதுங்க. புள்ளியும் தனிக் கணக்குங்க. அதான் பாதியில வெட்டிப்போட்டுதுங்க."

சம்பந்தி யோசித்தார்.

"அப்ப மீதிப் பேரு உங்ககிட்ட பத்தரமா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்பத் தட்டை மாத்துங்க. மீதிப் பேரை வசூல் பண்ண நாங்க வந்துபோய்ட்டு இருக்கோணுமல்ல."

பேத்தி பிறந்து பள்ளிக்கும் போகிறாள். இன்றும் போன் அடித்தால் அவர் சொல்வது ஒன்றுதான்:

"குப்ப பேசறேனுங்க. மீதி எப்பத் தருவீங்க?"