மாமனாரைப் பெயர் சொல்லி அழைத்து முன்னேறுவது எப்படி?

வாழ்க்கையில் முன்னேறியவர்கள் புத்தகம் எழுதுகிறார்கள். முன்னேறாதவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஓர் இரும்புக்கடையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த நான் இரண்டாவது ரகம். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டையில் கோட்டு போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பல்வரிசையை நம்பித்தான் வாங்கினேன் (எனக்கு அப்போது முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது).

படிக்கப் படிக்க எனக்குக் கொம்பு முளைத்தது. கையை இறுகப் பிடித்துக் குலுக்கு, கண்ணை நேராகப் பார், எல்லாவற்றுக்கும் மேலாக எதிரில் இருப்பவரின் பெயரை அடிக்கடி சொல், மனிதர் உருகிவிடுவார் என்றது புத்தகம். கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் முயன்று பார்த்தேன். “கிலாகா?” என்று மலாயில் கேட்டார், பைத்தியமா என்று. இவர் உருகக் கொஞ்ச நாளாகும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

உண்மையில் நான் உருக்க வேண்டிய ஆள் வேறொருவர். வசந்தாவின் அப்பா. வசந்தா ஈப்போவில் ஒரு தையல் ஃபேக்டரியில் வேலை செய்தாள். பஸ்ஸில் பழக்கம். என்னைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் சொல்லிவிட்டாள், அவள் அப்பா சொல்லவில்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் மண்டோர், அதாவது ஆட்களை வேலை வாங்குபவர். லூமுட்டிலிருந்து கடற்படைக்காரன் ஒருவன் அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் மண்டோரை நான் சம்மதிக்க வைக்காவிட்டால் வசந்தா லூமுட்டுக்குப் போய்விடுவாள்.

அக்காவையும் அத்தானையும் அழைத்துக்கொண்டு முந்திப் போனேன். “மச்சான், நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கிறேன்லா,” என்றார் அத்தான் பஸ்ஸிலேயே. முன்னேறாதவர்கள் இப்படித்தான் தடுப்பார்கள் என்று புத்தகம் முன்பே எச்சரித்திருந்தது.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், தன் வீட்டு வாசலில் மண்டோர் நின்றார். மீசை மட்டுமே அரைக் கிலோ தேறும். “வாங்க, பசியாறிட்டீங்களா?” என்று கும்பிட்டார். கும்பிட்ட கைகளைப் பிரித்து, ஒன்றைப் பிடுங்கிக் குலுக்கினேன். உட்கார்ந்ததும் இமைக்காமல் அவர் கண்ணையே பார்த்தேன். பிறகு ஆரம்பித்தேன்.

“வீடு ரொம்ப நல்லா இருக்கு, வீராசாமி.”

ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். அத்தான் என் தொடையைக் கிள்ளினார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

“உங்களப் பத்தி நெறையக் கேள்விப்பட்டிருக்கேன், வீராசாமி. இன்னிக்கு வெயில் அதிகம், இல்லையா வீராசாமி?”

(என் அப்பாவை ஒரு பொடியன் இப்படிக் கூப்பிட்டிருந்தால் நானே செருப்பைக் கழற்றியிருப்பேன். அன்று அது உறைக்கவில்லை. படித்துவிட்டேன் அல்லவா!)

மண்டோர் மெதுவாக எழுந்தார். “தம்பி, பெரட்டுக்கா வந்திருக்கீங்க?” என்றார். விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. “இந்தத் தோட்டத்துல பேர் கூப்பிடுறவன் நான். என்னையப் பேர் சொன்னது வெள்ளக்கார தொரை ஒருத்தன்தான். அவனும் ஊருக்குப் போய்ட்டான். நீங்களும் போலாம்.”

அக்கா அழவே தொடங்கிவிட்டாள். “அண்ணே, சின்னப் பையன், தெரியாம...” என்று அத்தான் குழைந்தார். கோப்பித் தட்டோடு வந்த வசந்தா என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு. இந்த நிலைமைக்குப் புத்தகத்தில் அத்தியாயமே கிடையாது.

அப்போது அடுக்களையில் ஒரு சத்தம். யாருக்கோ மூச்சு முட்டுகிறது என்று பயந்தேன். சிரிப்பு! வசந்தாவின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

“கல்யாணம் கட்டுன நாள்லேர்ந்து இந்தப் பேரு என் வாயில வந்ததில்ல. கிளினிக்ல கேட்டாக்கூட பக்கத்து வீட்டுக்காரிதான் சொல்லணும். இந்தத் தம்பி என்னமா சொல்லுது!”

“உள்ள போ,” என்றார் மண்டோர்.

அந்த அம்மா போகவில்லை. என் பக்கம் திரும்பினார். “கேக்க நல்லாத்தான் இருக்கு. இன்னொரு தடவ சொல்லுங்க, மாப்ள.”

மாப்ள! அத்தான் சட்டென்று எழுந்தார். “அண்ணியே மாப்ளன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் என்னாண்ணே, தட்ட மாத்திக்கலாம்.” மண்டோர் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்க்கப் பிடிக்காமல் கூரையைப் பார்த்தார். லூமுட்காரனுக்கு மறுநாளே தகவல் போனது.

என் மாமியார் அன்றைக்கு ருசி கண்டவர்தான். “வீராசாமி, தண்ணி புடிச்சு வை!” “வீராசாமி, உப்பு முடிஞ்சிருச்சு!” லயமே கேட்கும். மற்ற வீட்டுப் பெண்களுக்கும் அது தொற்றிக்கொள்ள, தோட்டத்து ஆண்களில் எவனும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாமனாருக்கு இப்போது தொண்ணூறு வயது. எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். ஒவ்வொரு தீபாவளிக்கும் பேரப்பிள்ளைகள் கூடியதும், அவர் என்னைக் கைகாட்டிச் சொல்வதைக் கேட்கவே எல்லாரும் காத்திருப்பார்கள்.

“பொஞ்சாதி புருசன் பேரச் சொன்னா அவனுக்கு ஆயுசு கொறையும்னு அந்தக் காலத்துல சொன்னாங்க. அத நம்பித்தான் நானும் அவளத் தடுக்காம இருந்தேன். எங்கலா கொறையுது, மாப்ள?”

அடுக்களையிலிருந்து மாமியார் குரல் வரும். “வீராசாமி, மருந்து சாப்டியா?”