இடமில்லை என்று ஒரு கடிதம்

"'என் தங்கையும் மாப்பிள்ளையும் சூரிய சந்திரர் உள்ளவரை என் வீட்டில் இருக்கலாம். யாரும் கேட்க முடியாது.'"

வீட்டு உதவி அலுவலகத்து அதிகாரியம்மா அதற்கு மேல் படிக்காமல் கண்ணாடியைக் கழற்றினார். "ஐயா, நான் கேட்ட கடிதம் என்ன, நீங்க கொண்டு வந்திருக்கிற கடிதம் என்ன?"

டைல்ஸ்காரர் தலையைச் சொறிந்தார். "மச்சான் கொஞ்சம் பாசக்காரருங்க."

"இது பாசமா? கல்லுல வெட்டி வைக்க வேண்டிய சாசனம்!"

டைல்ஸ்காரர் குடியிருந்த பழைய கட்டடம் இன்றோ நாளையோ விழும் என்று சீல் வைத்து நான்கு மாதம் ஆகிறது. அன்று முதல் மனைவி, மகளோடு மச்சான் வீட்டு ஹாலில் வாசம். ஊரில் பாதி வீட்டுக்குத் தரை போட்ட மனிதருக்குக் கால் நீட்ட மூன்று டைல்ஸ் அகலம்தான் கிடைத்தது. புரண்டு படுக்க வேண்டுமென்றால் மூன்று பேரும் பேசி வைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் புரள வேண்டும். பரீட்சைக்குப் படிக்கும் மகள் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து படித்தாள். யாராவது குளிக்க வந்தால் வரலாறு பாதியில் நின்றுவிடும்.

அதிகாரியம்மா பொறுமையாக விளக்கினார். "வீடு போகப் போறவங்களுக்கு, அது போகாம தடுக்க அரசாங்கம் ஒரு உதவி பண்ணுது. வீடு போனவங்களுக்கு அட்வான்சும் ஆறு மாச வாடகையும் கட்டி வேற வீடு பிடிச்சுக் கொடுக்குது. நீங்க ரெண்டாவது வகை. ஆனா ஆயுசுக்கும் இருக்கலாம்னு மச்சான் எழுதிட்டா, உங்களுக்குத்தான் வீடு இருக்கே! இந்தத் தேதிக்கு மேல இடமில்லைன்னு ஒரு வரி எழுதச் சொல்லுங்க. பொய் வேணாம், உள்ளதை எழுதினாப் போதும். வெள்ளிக்கிழமையோட பட்டியலை மூடிடுவோம்."

மச்சான் காதைப் பொத்திக்கொண்டார். "கூடப் பிறந்தவளைப் போன்னு எழுதினா என் கை அழுகிப் போயிடாதா மாப்பிள்ளை?"

"போகச் சொல்ல வேணாம் மச்சான். இடமில்லைன்னு மட்டும் எழுதுங்க."

"இடமா இல்ல? எங்க இல்ல?" என்று மச்சான் இரண்டு கையையும் விரித்தார். ஒரு கை பீரோவில் இடித்தது; மறு கை அவர் மனைவியின் கண்ணாடியைத் தட்டி சாம்பாரில் தள்ளியது.

செவ்வாய்க்கிழமை அதிகாரியம்மா ஒரு வழி சொன்னார். "நானே வந்து பார்க்கறேன். நெரிசலை என் கண்ணால பார்த்துட்டா கடிதமே வேணாம்."

டைல்ஸ்காரர் துள்ளிக் குதிக்காத குறைதான். செய்த தப்பு, அதை மச்சானிடம் சொன்னது. புதன்கிழமை விடிவதற்குள் பீரோ பக்கத்து வீட்டுக்குப் போனது. கட்டில் மொட்டை மாடி ஏறியது. மச்சானின் மனைவியும் மூன்று பிள்ளைகளும் மாமியார் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அதிகாரியம்மா வந்து தும்மியபோது ஹாலில் எதிரொலி கேட்டது.

"தாராளமான வீடு. இங்க ஒரு கல்யாணமே நடத்தலாம்" என்று எழுதிக்கொண்டவர் வாசலில் நின்று யோசித்தார். "இந்த முகவரியை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே..."

"இன்னொரு டீ சாப்பிடுங்க மேடம்!" என்று மச்சான் இரண்டாவது டம்ளரை அவர் வாயருகே நீட்டினார்.

அவர் போன பிறகு டைல்ஸ்காரர் வெடித்தார். "காலை வாரி விட்டுட்டீங்களே மச்சான்!"

"வீட்டுக்கு வந்தவங்க முகம் சுளிக்கக் கூடாதேன்னு பார்த்தேன்."

மிச்சமிருந்தது ஒரே வழி. அலுவலக வரிசையில் நின்ற ஒரு பெயின்டர் சொன்னது. வெள்ளி சாயங்காலம் அந்த அலுவலகத்துக் களப்பணியாளர்கள் பேருந்து நிலையத்தைச் சுற்றி வருவார்கள். படுக்க வேறு இடமில்லாமல் அங்கே தங்கியிருப்பவர்களை அங்கேயே பதிந்துகொள்வார்கள்.

"இனிமே அந்த ஹாலுக்கு நான் திரும்பலை" என்று டைல்ஸ்காரர் போர்வையை மடித்தார்.

மனைவி தடுத்தாள். "அண்ணன் மனசு உடைஞ்சிடும்."

"வாளி மேல உட்கார்ந்து நம்ம பொண்ணு முதுகு உடையுதே, அது பரவாயில்லையா?"

மனைவி தலையணையை எடுத்துக் கொடுத்தாள்.

பேருந்து நிலையத்தில் தூணோரமாகப் போர்வையை விரித்து அவர் உட்கார்ந்த பத்தாவது நிமிடம், ஆட்டோவிலிருந்து மச்சான் இறங்கினார். தலையணை, போர்வை, பிளாஸ்க், குடை, அலாரம் கடிகாரம். ஒரு கட்டில்தான் குறை.

"என் மாப்பிள்ளை தரையில, நான் வீட்டுலயா? நகருங்க!"

"மச்சான், கும்பிடறேன், போயிடுங்க! சொந்தக்காரர் துணை இருக்குன்னு எழுதிடுவாங்க."

"எழுதட்டுமே. இருக்கேனே!" மச்சான் படுத்தே விட்டார். பிறகு குரல் இறங்கியது. "கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை. இடமில்லைன்னு என் கையால எழுதிட்டா, அது நிஜமாயிடுமோன்னு ஒரு பயம்."

டைல்ஸ்காரருக்குப் பாதி கோபம் போய்விட்டது. பிளாஸ்கைத் திறந்து அவருக்கே முதலில் ஊற்றிக் கொடுத்தார்.

அப்போதுதான் கழுத்தில் அடையாள அட்டையோடு களப்பணியாளர் பெண் வந்தாள். மச்சான் சட்டென்று போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

டைல்ஸ்காரர் கதை முழுவதையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். அவள் பெயரைப் பதிந்துகொண்டாள். "திங்கட்கிழமை வாங்க, வீடு பார்க்கலாம். பக்கத்துல யாரு?"

"அவரை எழுதாதீங்கம்மா. என் மச்சான். சொந்தக்காரங்களையே நாலு மாசம் வெச்சுக் காப்பாத்தின வீட்டுக்காரர்!"

அவள் குனிந்து போர்வையை லேசாக விலக்கினாள். மச்சான் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஐயா, காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்குன்னு போன மாசம் எங்ககிட்ட மனு கொடுத்தவர்தானே நீங்க? இன்னும் பத்து நாள் இருக்கே, அதுக்குள்ள ஏன் இங்க வந்துட்டீங்க?"